குழாய் ஏன் இடிக்கிறது?



நள்ளிரவில் வீடே உறங்கும்போது சுவருக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஓசை எழுகிறது. சுங்கை பினாங் போன்ற பகுதிகளில், இரு வீடுகளுக்கு ஒரே சுவர் என்று அமைந்த வரிசை வீடுகளில் இது பெரும் சங்கடத்தைத் தரும். பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்றே சுவரை இடிக்கிறார் என்பார் ஒருவர். வீட்டில் ஏதோ நடமாட்டம் இருக்கிறது என்பார் மற்றொருவர். தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிவந்தவர்களுக்கு அச்சம் இன்னும் அதிகம். லயத்துக்கு ஒரு பொதுக்குழாய் என்று வாழ்ந்தவர்களின் வீட்டுச் சுவருக்குள் குழாயே இருந்ததில்லை அல்லவா?

இந்த ஓசைக்கு ஒரு வரலாறு உண்டு. மலைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த வரலாறுதான் அது.

ஜோர்ஜ்டவுன் நகரம் தொடக்க முதலே மலை ஓடைகளை நம்பியிருந்தது. நாம் தண்ணீர்மலை என்றழைக்கும் இடத்து அருவியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செங்கல் கால்வாய் கட்டி நகருக்கு நீர் கொண்டுவந்தார்கள். மாட்டு வண்டியிலும் தண்ணீர் போயிற்று. பர்மா சாலைக்கு ஹொக்கியன் சீனர் வழங்கும் பெயரே தண்ணீர் வண்டிச் சாலை என்று பொருள்படும். வண்டியிலும் குடத்திலும் கால்வாயிலும் உள்ள நீருக்கு மேற்புறம் திறந்திருக்கிறது. தடுத்தால் அது ததும்பும், இடிக்காது. ஆயர் ஈத்தாம் ஓடையும் அருவி ஓடையும் வந்து கலக்கும் சுங்கை பினாங் ஆறும் அப்படித்தான் ஓடுகிறது.

பின்னர் 1890களில் அருவியருகே நீர்த்தேக்கம் அமைந்தது. 1929இல் கில்லமார்டு நீர்த்தேக்கமும், 1962இல் ஆயர் ஈத்தாம் அணையும் வந்தன. உயரத்தில் தேக்கிய நீரை இரும்புக் குழாயில் அடைத்து இறக்கினால், ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகிராம் அழுத்தம் கூடும். மாடி வீட்டிலும் தண்ணீர் ஏறுவது இதனால்தான். ஓசையும் இதனோடுதான் வந்தது.

சரக்கு ரயிலை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் சட்டென்று நின்றால் ஒரு பெட்டி அடுத்த பெட்டியை மோத, அந்த இடி கடைசிப் பெட்டி வரை ஓடுகிறது. குழாயில் ஓடும் நீரும் அவ்வாறே. திருகை ஒரே நொடியில் மூடினால், நொடிக்கு 1,000 மீட்டருக்கும் அதிக வேகத்தில் ஓர் அழுத்த அலை பின்னோக்கி ஓடி, மோதி, திரும்பி வரும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வந்த நீரை இரும்புக் குழாயில் திடீரென நிறுத்தினால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் அழுத்தம் கூடுதலாக எழும். சம்மட்டி அடிதான் அது!

இந்த அடியை வேலை வாங்கியவர்களும் உண்டு. 1772இல் இங்கிலாந்தில் ஜோன் வைட்ஹர்ஸ்ட் என்பவரும், 1796இல் பிரான்சில், பலூன் பறக்கவிட்ட ஜோசஃப் மோன்கோல்ஃபியேரும், இதே அடியின் விசையால் நீரை மேட்டுக்கு ஏற்றும் பொறிகளைச் செய்தனர். ஆனால் அதன் கணக்கைத் தெளிவாகக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி. மாஸ்கோ நகரின் பெருங்குழாய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. 1897, 98ஆம் ஆண்டுகளில் அவர் நீரேற்று நிலையத்தில் நீண்ட குழாய்களைப் பொருத்திச் சோதித்தார். அலை போய்த் திரும்பும் நேரத்துக்குள் வால்வை மூடினால் முழு அடியும் விழும். மெல்ல மூடினால் அடி குறையும் என்று நிறுவினார். திரும்பி வரும் அலையை அளந்தே, குழாய் எவ்விடத்தில் உடைந்தது என்று நிலையத்திலிருந்தபடி கண்டறியும் வழியையும் அவர் காட்டினார். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப் போல என்று சொல்லலாம்.

அந்த நாடி பார்க்கும் வேலையை நாமும் செய்யலாம். ஓசை எப்போது எழுகிறது என்பதே முதற் கேள்வி. திருகை மூடும் கணத்தில் மட்டும் இடித்தால் அது மேற்சொன்ன அடி. பல சுற்றுச் சுற்றி மூடும் பழைய திருகுகளில் இது குறைவு. கால் சுற்றில் மூடும் கைப்பிடியும், சலவை இயந்திரத்தின் மின்வால்வும்தான் பெரும்பாலும் காரணம். குழாயைச் சுவரோடு பிடிக்கும் கவ்வி தளர்ந்திருந்தால் அடி பன்மடங்காகக் கேட்கும். திருகைப் பாதி திறந்தால் முனகினால், உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கக்கூடும். எவரும் நீர் பிடிக்காத வேளையில் இடித்தால் மேல்தொட்டியைப் பாருங்கள். நீர் அலைந்து மிதவை ஏறி இறங்க, வால்வு திறந்து திறந்து மூடுகிறது. சுடுநீர்க் குழாயின் ‘டிக் டிக்’ வெறும் இரும்போ செம்போ விரியும் ஒலி. அதற்கு அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது இடி அல்ல. ஓயாத ‘ஸ்ஸ்’ என்னும் மெல்லிய சீறல். அது கசிவாக இருக்கலாம். அடி பட்டுப் பட்டு இணைப்பு விட்டுப்போனாலும் கசிவு வரும். நீர்வாரியப் பணியாளர்கள் இரவில் குழாய்மீது ஒரு கோலை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது இதைத்தான். வீட்டில் எல்லாத் திருகுகளையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் கசிவு இருக்கக்கூடும்.

இனி பக்கத்து வீட்டுக்காரர் மீதுள்ள சந்தேகம். அது பாதி சரியாகவும் இருக்கலாம்! அவர் திருகை மூடிய அடி, சுவர் வழியாகவும் பொதுக்குழாய் வழியாகவும் உங்கள் வீட்டில் கேட்கக்கூடும். அவருக்கே அது தெரியாது. ஒரு மாலை வேளையில் அவரை அழைத்து, அவர் வீட்டுத் திருகுகளை ஒவ்வொன்றாக மூடச் சொல்லி, நீங்கள் இந்தப் பக்கம் சுவரில் காது வைத்துக் கேளுங்கள். பிறகு நீங்கள் மூடுங்கள், அவர் கேட்கட்டும்.