கடலூர் முன்பணக் கொள்முதல்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1690இல் மராத்தியரிடம் கடலூர் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கியபின், வட்டாரத் தறிகளில் துணி நெய்வித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய முறை. கம்பெனி தறி வைத்து நெய்யவில்லை. மாதிரித் துணியும் முன்பணமும் உள்ளூர் வணிகர்களுக்குத் தரப்படும். அவர்கள் தரகர் வழியே நெசவாளருக்குப் பணம் கொடுப்பர். வந்த துணியின் நீளம், அகலம், இழை நெருக்கம் பார்த்துக் கம்பெனியார் தரம் பிரிப்பர். மாதிரிக்கு ஒவ்வாததற்கு விலை குறையும், அல்லது துணியே திரும்பும். இன்றைய ஒப்பந்த உற்பத்தியின் முக்கியக் கூறுகள் இதிலேயே உண்டு. நூல் விலை ஏறினால் சுமை நெசவாளர் தலையில் விழுந்த அநீதியும் சேர்த்து. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரரும் துணி வாங்கியதால் நெசவாளருக்குப் பேரம் பேச இடமிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி இடைவணிகரை ஒதுக்கி நெசவாளரை நேரடியாகக் கட்டுப்படுத்த முனைந்தபோது அந்த இடம் சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத்துணியின் போட்டியால் ஏற்றுமதி சரிந்தது.