ஹிகோனே சரசா

ஜப்பானில் ஹிகோனேயை ஆண்ட ஈய் குடும்பத்தார் சேர்த்த சாயத்துணி (சரசா) மாதிரிகளின் தொகுப்பு. ஏறத்தாழ 450 துண்டுகள், பெரும்பாலும் இந்தியப் பருத்தி. இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

இத்தகைய துணியைச் செய்ய, சோழமண்டலக் கரைக்காரர்கள் துணியைக் கடுக்காய்ப் பாலில் ஊறவைத்து, படிகாரக் கரைசலால் பூ எழுதி, சாயவேர் நீரில் காய்ச்சுவார்கள். எழுதிய இடம் மட்டும் சிவக்கும். இரும்புக் காடியால் இழுத்த கோடு கறுக்கும். நீலத்துக்கு மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள்.

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை 1613இல் எழுந்தது. 1641 முதல் நாகசாகியின் தெஜிமா தீவு அவர்களின் வணிகத்தளமாக இருந்தது; இத்துணிகள் அவ்வழியே ஜப்பான் சேர்ந்தன. சோழமண்டலக் கரையிலேயே உள்ள திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையோ ஆங்கிலேய ஆளுநர் ஜோசப் காலட் (1717–1720) நெசவாளருக்கு அமைத்த ஊர்.

ஜப்பானின் நோ நாடக உடைகளின் பட்டும் பொன்னிழையும் இந்தச் சாயத்துணியில் இல்லை. இருந்தும் தேநீர்ச் சடங்குக் கலன்களுக்கு உறை தைக்க ஜப்பானியர் இதைத்தான் விரும்பினர். சிறு கந்தலைக்கூட வீசாமல் ஏட்டில் ஒட்டிவைத்தனர். (நம் வீடுகளில் அது கரித்துணியாகியிருக்கும்.) இத்துணிகளின் வடிவங்களைத் தொகுத்த ‘சரசா பென்ரான்’ என்னும் நூல் 1778இல் வெளிவந்தது.