கோல்ஃப் பக்கிக்கு வேக மீட்டர் பொருத்துவது எப்படி?

கோல்ஃப் திடலுக்கான பக்கிகள் பொதுவாக மணிக்கு 20 முதல் 24 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். அதனால் பெரும்பாலானவற்றில் வேக மீட்டர் இருக்காது. ஆனால், மேட்டிலிருந்து இறங்கும்போதும் பெரிய டயர் மாற்றிய பிறகும் வேகம் கூடிவிடும்.

மலிவான வழி, சைக்கிள் மீட்டர். முன்சக்கர ரிம்மில் சிறு காந்தத்தைப் பொருத்துங்கள். அதற்கு நேராக, சக்கரத்தோடு திரும்பும், ஆனால் சுழலாத பாகத்தில் சென்சாரை வையுங்கள். ஆள்கள் அமர்ந்திருக்க, டயரில் குறியிட்டு ஒரு சுற்று உருட்டி, தரையில் அளந்து, அந்தச் சுற்றளவை மீட்டரில் பதியுங்கள். 18 அங்குல டயருக்கு ஏறக்குறைய 144 சென்டிமீட்டர் வரும். 20 அங்குல டயர் போட்டுவிட்டுப் பழைய அளவையே விட்டால், மீட்டர் 20 காட்டும்போது உண்மை வேகம் 22-ஐத் தாண்டியிருக்கும்.

ஜிபிஎஸ் மீட்டருக்குச் சுற்றளவு தேவையில்லை; மின்சாரம்தான் கவனிக்க வேண்டியது. மின்சாரப் பக்கியின் பேட்டரித் தொகுப்பு பெரும்பாலும் 36 அல்லது 48 வோல்ட். 12 வோல்ட் மீட்டருக்காக ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்தால், அது மட்டும் சீக்கிரம் பழுதாகும். முழுத் தொகுப்பிலிருந்து பியூஸ் வைத்து, வோல்டேஜ் குறைப்பான் வழியாக இணைப்பதே சரி.

மீட்டர் வைத்ததால் பக்கி சாலை வாகனமாகிவிடாது. பதிவில்லாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் இடம் தரவில்லை. பண்டமாரானில் வீட்டுக்கு முன்னால் போகும் தாமான் சாலையும் பொதுச் சாலைதான்.