கொட்டாரமும் பட்டறையும்

நாகர்கோவிலுக்கு வரும் வெளியூரார் பலரும் வடசேரிப் பேருந்து நிலையத்திலேயே முதலில் கால்வைக்கின்றனர். தென்கிழக்கே சென்றால் சுசீந்திரம், குமரிமுனை. வடமேற்கே திருவனந்தபுரம் சாலையில் சென்றால் தக்கலை, அதனையடுத்து வேளிமலைச் சாரலில் பத்மநாபபுரம் அரண்மனை. வந்தவர் அடுத்த பேருந்தை நோக்கி விரைவர். வடசேரியையே நாடி வருவோர் நகை செய்விக்க வரும் நடனக் கலைஞரும் கோவிற் பணியாளருமே எனலாம்.

நாஞ்சில் நாட்டார் அரண்மனையைக் கொட்டாரம் என்பர். அச்சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. ஒரு சொல்லில் இரு பொருள் கூடியது தற்செயலாக இருக்கலாம். இந்நாட்டு வரலாற்றுக்கு அது பொருந்திவிட்டது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது நாஞ்சில் நாடு. தோவாளை, அகத்தீசுவரம் வயல்களில் விளைந்த நெல்லே கல்குளத்துக் கொட்டாரத்தைத் தாங்கிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒருபுறம் அரசின் வரிச்சுமையும் மறுபுறம் மதுரைப் படைகளின் கொள்ளையும் நெருக்கியபோது, நாட்டார் வடசேரியிலும் ஆசிராமத்திலும் கூடி, முறையற்ற வரியைச் செலுத்துவதில்லை என்று உறுதி பூண்டனர். களஞ்சியத்தை நிரப்பியவர் அதன் கதவை அடைக்கத் துணிந்த நிகழ்ச்சி அது. அரண்மனையைச் சுற்றிக் காட்டுவோர் வாயில் இச்செய்தி வருவதில்லை.

அரண்மனை 1601ஆம் ஆண்டையொட்டி, வேணாட்டரசர் இரவிவர்மர் காலத்தில் எழுந்தது என்பர். அதன் தாய்க்கொட்டாரம் இன்னும் அரை நூற்றாண்டு மூத்தது எனக் கருதப்படுகிறது. அங்குள்ள ஏகாந்த மண்டபத்தில் பலாமரத்தில் கடைந்த தூணொன்று உண்டு. தச்சனின் பெயர் எங்கும் இல்லை. மார்த்தாண்ட வர்மர் (1729-1758) 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்று, 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனது அவர் காலத்திலேயே. நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகை அக்காலத்தது. அதன் மேல்நிலை இறைவனுக்கென்றே ஒதுக்கப்பட்டுச் சுவரெங்கும் ஓவியம் தீட்டப்பட்டது. அவ்வோவியங்களைப் பொதுமக்கள் எளிதில் காண முடிவதில்லை. கூட்டத்தின் மூச்சுக்காற்றே வண்ணத்துக்குப் பகை என்பதால் இக்கட்டுப்பாட்டைக் குறைகூற இயலாது.

காணக் கிடைப்பவையே மிகுதி. பூமுகத்தின் மேற்கூரையில் ஒன்றுபோல் ஒன்றில்லாத தொண்ணூறு மலர்கள். கீழே குதிரைவீரன் உருவம் தாங்கிய தொங்குவிளக்கு. சீன வணிகர் அளித்த நாற்காலி. மாடியில் மந்திரசாலை. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் பிறவும் சேர்த்துத் தேய்த்த கருந்தரை, முகம் பார்க்கும் அளவுக்கு இன்றும் பளபளக்கிறது. மரச்சட்டங்களின் இடுக்கில் நுழையும் வெயில் அதில் கோடு கோடாக விழுவதைக் காணும்போது, இம்மண்ணின் வெப்பத்தையும் மழையையும் நன்கறிந்தவர் கட்டிய வீடு இது என்பது புலப்படும். பளிங்கும் பொற்கூரையும் தேடி வருவோர் ஏமாறுவர்.

1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. பத்மநாபபுரம் பிழைத்ததற்கு இதுவே காரணம் என்று துணிந்து கூறலாம். ஆட்சி தங்கியிருந்தால் புதுப்பாணிக் கட்டடங்கள் பழையவற்றை விழுங்கியிருக்கும். கைவிடப்பட்ட கொட்டாரம் செல்லரித்துக் கிடந்தது. 1930களில் சித்திரைத் திருநாள் ஆட்சியில், தொல்லியல் துறைத் தலைவர் வாசுதேவப் பொதுவாள் மேற்பார்வையில் செப்பனிடப்பட்டு மக்கள் காணும் இடமாயிற்று.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்றான வர்ஜீனியாவிலும் இதனையொத்த பணி நடந்தது. அம்மாநிலத்தின் பழைய தலைநகர் வில்லியம்ஸ்பர்க். 1780இல் தலைநகர் ரிச்மண்டுக்கு மாறவே அவ்வூரும் உறங்கிப்போயிற்று. 1926இல் ராக்பெல்லர் செல்வத்தைக்கொண்டு அதனைப் பழையபடி மீட்கத் தொடங்கினர். ஆளுநர் மாளிகை 1781இலேயே எரிந்துபோனது; அடித்தளத்தைத் தோண்டிக் கண்டு, முழுவதும் புதிதாகக் கட்டி 1934இல் திறந்தனர். கல்குளத்தில் நிற்பதோ பழைய மரமே. இவ்வகையில் நமது செல்வம் பெரிது.

வேறிரண்டு வகையில் அவர்கள் முந்திவிட்டனர். வில்லியம்ஸ்பர்க்கில் கொல்லனும் வெள்ளித்தட்டாரும் அச்சுக்கோப்பவரும் வருவோர் கண்முன்னே பழைய கருவிகளால் வேலை செய்கின்றனர். அங்கே பொருளோடு பொருள் செய்யும் கையும் காட்சிக்குரியது. இரண்டாவது, அவர்கள் தயங்கித் தயங்கிக் கற்றது. 18ஆம் நூற்றாண்டில் அவ்வூர் மக்களில் பாதிப்பேர் அடிமைகளாயிருந்த கறுப்பர். அரை நூற்றாண்டுக் காலம் அவர்களைப் பற்றி மிகச் சிறிதே பேசிய காட்சிக்கூடம், 1979 முதல் அவர்கள் வாழ்வையும் நடித்துக் காட்டி விளக்க முற்பட்டது. சிலருக்கு அது கசந்தது, ஆயினும் கைவிடவில்லை.

நம் கொட்டாரத்தின் ஊட்டுபுரையில் ஒரே வேளையில் ஆயிரக்கணக்கானோர் உண்டனர் என்று வியப்போடு சொல்லப்படுகிறது. உண்டவர் அந்தணர் என்பதும், அந்நெல்லை விளைவித்தவர் அக்கட்டடத்தை அணுகவும் இயலாதிருந்தனர் என்பதும் அவ்வியப்போடு சேர்த்துச் சொல்லவேண்டியவை. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிந்தது. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் கல்குளம். 1823இல் பத்மநாபபுரத்து நீதிமன்றமே கிறித்தவப் பெண்டிர் மேலாடை அணியலாம் என்று தீர்ப்பளித்தது. அரண்மனை அலுவலர் நீலகண்டப் பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022இல் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் மனத்தை மாற்றியவரெனப்படும் தெலனாய், குளச்சலில் தோற்றுப் பின் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரானவர். அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில், இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லின்கீழ் 1777 முதல் அவர் துயில்கிறார். இத்தனை வரலாறு சூழ்ந்திருக்க, தொங்குவிளக்கை மட்டும் பார்த்துத் திரும்புதல் இழப்பேயாகும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த்தமிழகத்தோடு இணைந்தன. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் ஈந்தோரின் குருதியில் விளைந்த இணைப்பு அது. நிலம் வந்தது, கொட்டாரம் வரவில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் நின்றுகொண்டே அது கேரள அரசின் தொல்லியல் துறை வசம் இருந்துவருகிறது. இதனை மானக்குறையாகக் கருதுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் உணர்ச்சி விளங்கத்தக்கதே. எனினும் ஓடு மாற்றுவதிலும் மரம் காப்பதிலும் கேரளத் தச்சு மரபு அறிந்தோர் காட்டும் அக்கறையை மறுப்பது நேர்மையாகாது. 1993-94இல் வளாகத்திலேயே ஓர் அருங்காட்சியகமும் அமைத்தனர். கற்சிலையும் மரச்சிற்பமும் செப்பேடும் காசும் அங்குள்ளன. நாம் வருந்தவேண்டியது உடைமையைப் பற்றியன்று, விளக்கத்தைப் பற்றி. வேணாட்டின் பழங்கல்வெட்டுகளும் அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளும் பெரிதும் தமிழில் இருப்பவை. அவ்வோலைகளை ஆராய்ந்து முதலில் உலகறியச் செய்தவர் நம் கவிமணியே. வடசேரியை அடுத்த புத்தேரியில் அவர் கண்மூடியது 1954 செப்டம்பர் 26. இணைப்பைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கவிஞர்கள் மறக்கலாகாத ஒன்று இக்கொட்டாரத்தில் உண்டு. தேவாரக்கெட்டிலுள்ள சரசுவதி, கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பதும், அவர் அதனைச் சேரமன்னரிடம் ஒப்படைத்து நவராத்திரி விழாவைத் தவறாது நடத்த வாக்குப் பெற்றார் என்பதும் செவிவழி மரபு. மரபு மெய்யோ கற்பனையோ, வாக்கு காக்கப்படுகிறது. ஆண்டுதோறும் உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாற, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன்வரக் கலைமகள் திருவனந்தபுரம் புறப்படுகிறாள். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு. இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்கின்றனர். களியக்காவிளையில் எல்லைக் கோடு வரைந்தவர்கள் இவ்வழியை மட்டும் அழிக்க முடியவில்லை. அங்கே சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒன்பது நாளும் பாடப்பெறுகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டமுடியாத காட்சிப்பொருள் இது.

வடசேரியின் நகைத்தொழிலும் அத்தகையதே. கோவில் திருமேனிகளுக்கு அணி செய்யத் தோன்றிய கலை, பின்னர் நாட்டிய மேடைக்கு ஏறிற்று. வெள்ளித் தகட்டை வெட்டி வளைத்துக் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிறைத்து, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக்கற்களைப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்தி மெருகிடுவர். ஓரத்தில் முத்துக் கோப்பர். ராக்குடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, சடைநாகம், நெற்றிச்சுட்டி, மாட்டல், வங்கி, மாங்காய் மாலை, ஒட்டியாணம் எனப் பெயர்களே ஒரு பாட்டைப்போல் ஒலிக்கின்றன. சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஒரு பெண் அரங்கேறும்போது அவள் தலையில் மின்னுவது இத்தெருவின் வேலையாக இருத்தல் கூடும். நாகர்கோவில் கோவில் நகை என்னும் பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆயினும் அச்சில் வார்த்து மலிவாக விற்கும் போலிகளோடு போட்டியிட இயலாமல் பட்டறைகள் குறைந்துவருகின்றன. தட்டார் மக்கள் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். குறியீடு பெயரைக் காக்கும். ரேக்கு அழுத்தும் விரலுக்குக் கூலி கொடுக்க வேறு ஏற்பாடு வேண்டும். பத்மநாபபுரம் செல்லும் பயணியர் அரைநாழிகை வடசேரியில் தங்கி இவ்வேலையைக் காணவும், கண்டதை வாங்கவும் வழிசெய்தல் அவற்றுள் ஒன்று. அதற்குப் பெருங்கட்டடம் தேவையில்லை.

திங்கட்கிழமைகளில் கொட்டாரம் அடைத்திருக்கும். வடசேரிப் பட்டறைகளில் அன்றும் வேலை உண்டு.