'குருமா' என்றால் வறுவலா? பரோட்டா தட்டுக்கு வந்த துருக்கியச் சொல்லின் கதை

பரோட்டாவோ சப்பாத்தியோ, தொட்டுக்க குருமா இருந்தால் நமக்கு ரெண்டு கூடுதலாகவே இறங்கும். 'குருமா பாரசீகச் சொல்' என்று சிலர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அது பாதிதான் உண்மை. பாரசீகமே அதைக் கடன் வாங்கியதுதான்!

வேர்ச்சொல் எது?

துருக்கிய மொழியில் 'கவுர்மக்' என்றால் வறுப்பது. நம்ம 'வறு' உடன் 'அல்' சேர்ந்தால் வறுவல். அதேபோல அங்கே 'கவுர்' உடன் 'மா' சேர்ந்தால் 'கவுர்மா', அதாவது வறுத்தது. துருக்கியில் இன்றும் இறைச்சியை அதன் கொழுப்பிலேயே வறுத்து எடுப்பதுதான் கவுர்மா. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் இறைச்சி கெடாமல் இருக்கக் கண்ட வழி அது.

பாரசீகத்துக்குப் போனது எப்படி?

11ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் துருக்கியர் ஈரானைப் பிடித்தனர். ஆள்பவர்கள் பேசியது துருக்கியம், அரசவையில் எழுதியது பாரசீகம். இரு மொழிகளும் பல நூற்றாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. கவுர்மா, பாரசீகத்தில் 'கோர்மே' ஆனது. ஈரானின் புகழ்பெற்ற 'கோர்மே சப்ஸி'யில் கீரை, இறைச்சி, பயறு, உலர்ந்த எலுமிச்சை எல்லாம் சேர்ந்து கொதிக்கும். வறுவல் இங்கேயே குழம்பாகிடுச்சு.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

1526இல் முகலாய ஆட்சியைத் தொடங்கிய பாபரின் தாய்மொழி சகதாய் துருக்கியம். 'பாபர்நாமா'வை அவர் எழுதியதும் அதில்தான். ஆனால் முகலாய அரசவையில் கோலோச்சியது பாரசீகம். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல் 'கோர்மா'. இங்கே அது தயிரிலும் மசாலாவிலும் நிதானமாக வேகும் இறைச்சி.

தமிழில் ஏன் 'குருமா'?

தர்மம் தருமமாகவும் கர்மம் கருமமாகவும் மாறியது நினைவிருக்கா? 'ர்ம' என்று மெய்கள் அடுத்தடுத்து வந்தால், நடுவில் ஓர் உகரம் சேர்த்து எளிதாக்குவது தமிழின் வழக்கம். கோர்மாவும் அப்படித்தான் குருமா ஆனது.

பெயர் மட்டுமா மாறியது? தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றினோம். இறைச்சியே இல்லாமல் 'வெஜிடபிள் குருமா'வும் வைத்தோம். வறுத்த இறைச்சிக்கு வைத்த பெயர், இன்று கேரட் பீன்ஸ் குழம்புக்கும் பெயர்!

இப்போ சொல்லுங்க, குருமா யாருடைய சொல்? பிறப்பு துருக்கியம், வளர்ப்பு பாரசீகம், வழித்துணை உருது. ருசி மட்டும் நம்ம ஊருடையது.