ஆலயத்தின் மேல் ஏறிய நீர்

ஆற்றங்கரையில் வாழ்வோருக்கு வெள்ளம் புதிதன்று. கரை நனையக் கண்டதும் மூட்டையைக் கட்டி மேட்டுக்கு ஏறுவதும், நீர் வடிந்தபின் வண்டல் படிந்த வயலுக்கு இறங்கி வருவதும் அவர்களது வாழ்க்கைக் கணக்கில் அடங்கியவையே. ஏறிய நீர் இறங்கும் என்ற நம்பிக்கைதான் அவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறது. காவிரியின் வரலாற்றில் அந்த நம்பிக்கை ஓரிடத்தில் பொய்த்தது. அந்த இடம் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி.

1924 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி நீர் குறித்து உடன்படிக்கை செய்துகொண்டன. மேட்டூரில் அணை எழுப்ப அதுவே வழி திறந்தது. அதே ஆண்டு ஜூலையில் பெருமழை பெய்தது. மலையாள ஆண்டு 1099இல் வந்ததால், கேரள மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் நினைவுகூர்கின்றனர். அம்மழை மலைக்கு இப்பாலும் இரங்கவில்லை. காவிரி பெருகியது, முக்கொம்பில் பிரிந்து மிகைநீரைக் கடலுக்குச் சுமந்து செல்லும் கொள்ளிடம் கரைகொள்ளாமல் ஓடியது. கொள்ளிடத்தின் தென்புறம் பூண்டி, வடபுறம் வீரமாமுனிவரின் ஏலாக்குறிச்சி; இடையிடையே நம் இறைமக்கள் உழுது வாழும் சிற்றூர்கள். ஆற்றுக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்பதற்கு அந்த ஆடிமாதத்தைவிட வலிய சான்று தேவைப்படவில்லை.

பொறியாளர் எல்லிஸ் வகுத்த திட்டப்படி 1925இல் தொடங்கிய பணி நிறைவெய்த, 1934 ஆகஸ்ட் 21ஆம் நாள் கவர்னர் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். நீளம் 5,300 அடி, தேங்கும் நீரின் உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தஞ்சைத் தரணிக்குக் காலத்தில் நீர் கிடைத்தது. வெள்ளத்தின் வேகமும் மட்டுப்பட்டது. இது மறுக்க முடியாத நன்மை. ஆயினும், அணை நிரம்பும்போது நீர் பரவும் சுமார் 59 சதுர மைல் நிலம் வெற்றுப் பள்ளத்தாக்கு அன்று. அங்கே ஊர்கள் இருந்தன. பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருந்தது. ஒரு கிறிஸ்தவ ஆலயமும் இருந்தது. கீழே ஆறு ஏறாதிருக்க, மேலே அது ஏற வேண்டியதாயிற்று.

ஓர் ஆலயத்தை விட்டு வெளியேறும் மக்கள் எவற்றை எடுத்துச் செல்ல முடியும்? சுரூபங்களை எடுத்துச் செல்லலாம், மணியை இறக்கலாம், ஞானஸ்நானப் பதிவேட்டைத் துணியில் சுற்றிக்கொள்ளலாம். சுவர்களையும், முழங்காலிட்டுத் தேய்ந்த தரையையும் என்ன செய்வது? நிலத்துக்கு விலை கணிக்கும் அதிகாரியின் ஏட்டில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது. தொடக்க நூலின் நோவாவுக்குக்கூட நீர் வற்றியதும் கால் பதிக்கத் தரை திரும்பக் கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. கோயிலும் ஆலயமும் ஒரே நீருக்குள் சென்றன. பெயரிலேயே நீரைத் தாங்கிய கோயில் அது என்பதை எண்ணும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

கீழ்க்காவிரியில் நாம் முதல் கதிரைப் பீடத்தில் வைத்து நன்றி கூறும்போது, மேட்டூருக்கு மேலே மூழ்கிய இவ்வூர்களை நினைப்பது அரிது. அதனை நான் ஒரு குறையாகவே காண்கிறேன்.

அணையினால் கொள்ளிடத்து மக்களின் அச்சம் முற்றும் நீங்கிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. அணை நிரம்பிய பின் வருவதெல்லாம் மிகைநீரே. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கடலை நெருங்கும் இடத்தில், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே அமைந்த நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற ஊர்களில் அவ்வாண்டும், 2022இலும் வெள்ளம் வீடுகளைச் சூழ்ந்தது. 'படுகை', 'திட்டு' என்னும் பெயர்களே அவை ஆற்றின் மடியில் பிறந்த ஊர்கள் என்று சொல்லிவிடுகின்றன.

பண்ணவாடியில் இன்று பரிசல்துறை இருக்கிறது. அங்கிருந்து அக்கரையில் தர்மபுரி மாவட்டத்து நாகமரைக்கு நீர்வழி. கோடையில் அணை நீர் குறையும்போது முதலில் ஆலயக் கோபுரம் வெளிப்படும். மேலும் குறைந்தால் நந்தியும் தலைகாட்டும். பார்க்க வருவோர் வருகின்றனர். உழவர்களோ வேறு காரணத்துக்காக இறங்குகின்றனர்: வண்டல் ஈரம் காயுமுன் சோளமும் கம்பும் நிலக்கடலையும் விதைக்க வேண்டும். கர்நாடகத்தில் மழை முந்திக்கொண்டால் கதிர் முற்றுமுன்னே நீர் திரும்பி வரும். அப்போது தாழ்ந்த நிலத்துப் பயிர் முதலில் போகும். பின்னர் நந்தி மறையும். கோபுரம் இன்னும் சில நாள் நீருக்கு மேலே தெரியும்.