பதிவுகள் அழியவில்லை, பாதைதான் மாறியிருக்கிறது

காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், உறவினர்கள் கொடுத்த வாக்குமூலங்கள் போன்றவற்றை மைக்ரோசொப்ட் அக்சஸ் மென்பொருளில் பதிந்து வைத்திருப்பவர்கள், புதிய கணினிக்கு மாறும் நாளில் திடுக்கிட நேரலாம். பெயர்ப்பட்டியல் திறக்காது, அல்லது பட்டியல் திறக்கும், புகைப்படம் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். பாதை செல்லுபடியாகாது என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வரும். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. மென்பொருள் பழைய விலாசத்தில் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

விண்டோஸ் எக்ஸ்பியில் எங்கள் கோப்புகள் 'டொக்கியுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்' என்ற கோப்புறைக்குள் இருந்தன. 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவிலிருந்து அந்த இடம் 'யூசர்ஸ்' ஆனது. பழைய பெயர் ஒரு குறுக்குவழியாக விடப்பட்டிருந்தாலும், கணினியின் பயனர் பெயர் வேறானால் அது உதவாது. அக்சஸோ, இணைக்கப்பட்ட அட்டவணை இருக்கும் இடத்தை டிரைவ் எழுத்திலிருந்து கோப்பின் பெயர்வரை முழுமையாக எழுதி வைத்துக்கொள்கிறது. நேற்று 'ஈ' எனத் தெரிந்த பென் டிரைவ் இன்று 'எஃப்' எனத் தெரிந்தாலே இணைப்பு அறுந்துவிடும்.

முதலில், எதையும் தொடாமல் மூலக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு டிரைவில் பிரதி எடுங்கள். பெயர்களைத் திரும்பத் தட்டச்சு செய்யத் தொடங்க வேண்டாம். ஒருவருக்கே இரண்டு பதிவுகள் உருவாகிவிட்டால், எது முதலில் எழுதப்பட்டது என்று பின்னர் நிறுவுவது கடினம். கணினி திருத்துபவரிடம் அப்படியே ஒப்படைக்கவும் வேண்டாம். சாட்சிகளின் பெயரும் விலாசமும் அதற்குள் இருக்கின்றன.

பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். இணைக்கப்பட்ட அட்டவணையின் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'லிங்க்ட் டேபிள் மனேஜர்' என்பதைத் திறந்து, கோப்பு இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினால் அட்டவணை திரும்பிவிடும். கோப்பு எங்கே என்று தெரியாவிட்டால், பழைய வன்தட்டில் 'எம்.டி.பி' அல்லது 'ஏ.சி.சி.டி.பி' என முடியும் பெயர்களைத் தேடுங்கள்.

புகைப்படங்கள் இதனால் சரியாகாது. அவற்றின் பாதை அட்டவணைக்குள்ளேயே வெறும் எழுத்தாகப் பதியப்பட்டிருக்கும். 'அப்டேட் குவெரி' ஒன்றில் 'ரிப்ளேஸ்' கட்டளையைக் கொடுத்து, கோப்புறையின் பகுதியை நீக்கிக் கோப்பின் பெயரை மட்டும் விடுங்கள். படங்களின் கோப்புறையைத் தரவுத்தளக் கோப்பின் பக்கத்திலேயே வைத்து, படிவத்தில் 'கரன்ட் புரொஜெக்ட்' என்பதன் 'பாத்' உடன் கோப்புறையின் பெயரையும் கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், அடுத்த கணினியிலும் முகங்கள் தெரியும்.

பாதையோடு தொடர்பில்லாத இன்னொரு தடையும் உண்டு. அக்சஸ் 97இல் உருவாக்கிய கோப்புகளை 2013 முதல் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. 2003, 2007 அல்லது 2010 பதிப்பு உள்ள ஒரு கணினியைத் தேடிப்பிடித்து, அதில் புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பின்னரும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பதிவுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே பழைய கணினியை ஒதுக்குங்கள்.